கிளாக் 19: சைட்டைத் தள்ளிப் பாத்த கதை

போன சனிக்கிழமை என் கிளாக் 19 பிஸ்டல்ல 7 யார்டு தூரத்துல பத்து ரவுண்டு (தோட்டா) சுட்டேன், பத்தும் ரெண்டேகால் இன்ச்சுக்குள்ள, பேப்பர் தட்டோட நடுவுல ஒட்டியிருந்த ஆரஞ்சு ஸ்டிக்கர சுத்தி விழுந்துச்சு. சுடத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல, ஆனா இதுக்கு எனக்கு 8 தடவை ரேஞ்சு (சுட்டுப் பழகற இடம்), 600 ரவுண்டு, நடுவுல நல்லா இருந்த ரியர் சைட்ட (குறி பாக்க துப்பாக்கி மேல பின்பக்கம் இருக்கற துண்டு) நானே தள்ளி வச்சு மறுபடி திருப்பிக் கொண்டாந்த ஒரு கூத்து, இவ்வளவும் தேவைப்பட்டுச்சு. சூடு ஆறறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் இருக்கறது டாலஸ் பக்கம். சொந்த ஊரு திருச்சி, திருவெறும்பூர் பக்கம் வளந்த பையன், துப்பாக்கி ஃபேக்டரி பேரு போட்ட பஸ்ஸ தினமும் பாத்திருக்கேன் ஆனா ஒரு துப்பாக்கிய கையில தொட்டது கெடையாது, காலேஜ் என்சிசில .22 ரைஃபிள்ல அஞ்சு ரவுண்டு சுட்டதோட சரி. இங்க வந்தும் எச்1பில இருந்த வரைக்கும் அந்தப் பக்கமே போகல, அந்த விசால பொதுவா வாங்க முடியாது, வேட்டை லைசன்ஸ் எடுத்தா வாங்கலாம்னு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுக்கெல்லாம் எனக்கு தைரியம் இல்ல. க்ரீன் கார்டு வந்தப்புறம்தான் ஆபீஸ்ல கூட வேலை பாக்கற மதுரைக்காரர் ஒருத்தர் "வாங்க தம்பி ஒருநாள்"னு கூட்டிட்டுப் போனாரு. அவரோட பெரிய பிஸ்டல்ல ரெண்டு மேகசின் (கைப்பிடிக்குள்ள சொருகற, ரவுண்டு அடைக்கற டப்பா) சுட்டேன், அவ்வளவுதான், பிடிச்சுக்கிச்சு.

எதை வாங்கறதுன்னு மூணு வாரம் மண்டைய உடைச்சு கடைசில எல்லாரும் வாங்கறதையே வாங்கினேன், கிளாக் 19 ஜென்5. 1988ல வந்த மாடல், இது அதோட அஞ்சாவது தலைமுறை, 2017ல வந்தது. பேரல் (குழாய்) 4.02 இன்ச், மேகசின்ல 15 ரவுண்டு, காலி மேகசினோட 670 கிராம் பக்கம், ரவுண்டு நிரப்பினா 850ஐ தாண்டும், வீட்டுல மாவு நிறுக்கற தராசுல வச்சே பாத்தேன் (வீட்டம்மா பாக்காத நேரத்துல). கைக்கு அடக்கமா இருக்கும் ஆனா ரொம்ப குட்டி இல்ல. இதவிடச் சின்னது நெறைய இருக்கு, மொதல்ல அந்த மாதிரி ஒண்ணுலதான் கண்ணு போச்சு, பாக்கெட்ல போடற சைஸு, ஆனா எடை கம்மியாக ஆக, சுடறப்ப கைல வர்ற உதை ஜாஸ்தி, கத்துக்கறவனுக்கு அது சரிவராதுன்னு மதுரைக்காரர் சொன்னாரு. அவரு சொன்னதுல சரியா இருந்தது அது ஒண்ணுதான், மத்தத பின்னாடி சொல்றேன்.

விலை 539 டாலர், 8.25 சதவீதம் டாக்ஸ் சேத்து 583. துப்பாக்கி வாங்க ஃபார்ம் 4473ன்னு ஒண்ணு ரொப்பணும், எந்த நாட்டு குடிமகன்னு ஒரு கட்டம் இருக்கு, இந்தியான்னு எழுதிட்டு க்ரீன் கார்டுல இருக்கற ஏ நம்பரையும் போட்டேன். கடைக்காரர் என் பின்னணிய சரிபாக்க எஃப்பிஐக்கு அனுப்பினாரு, உடனே ஓகே வரல, டிலேன்னு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி வந்து எடுத்துக்கோன்னாங்க. நம்ம ஊர்ல இந்த 9 எம்எம் காலிபரே (குண்டோட விட்டம்) சாதாரண ஆளுக்கு லைசன்ஸ்ல வராது, பெரும்பாலும் .32தான், அதுக்கும் வருஷக்கணக்கா அலையணும், அப்பாகிட்ட ரெண்டு நாள்ல கைக்கு வந்துடுச்சுன்னு சொன்னப்ப அவரு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "எதுக்குடா இதெல்லாம்"னாரு. பதில் சொல்லத் தெரியல, இப்பவும் தெரியல.

வீட்டுல ரெண்டு பசங்க, 11ம் 7ம். டெக்சாஸ் சட்டப்படி லோடு பண்ணின துப்பாக்கிய பத்திரமா வைக்காம விட்டு, அது 17 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்க கைக்குப் போயிட்டா குத்தம். அதுக்கு முன்னாடி வீட்டம்மா சட்டம் ஒண்ணு இருக்கு, பெட்டி வந்து தரையோட போல்ட்டு போட்டு முடிக்கற வரைக்கும் துப்பாக்கி வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதனால கடைல "எடுத்துக்கோ"ன்னு சொன்னப்புறம் நாலு நாள் அங்கயே வச்சிருக்கச் சொல்லி, 140 டாலருக்கு நம்பர் பூட்டு சேஃப் வாங்கி, க்ளோசட் தரையில கார்ப்பெட்ட கிழிச்சு நாலு ஓட்டை போட்டு போல்ட் அடிச்சு, அப்புறம்தான் கொண்டாந்தேன். ரவுண்டு எல்லாம் வேற பூட்டுல, வேற ரூம்ல. இதுல நான் தர்க்கம் பண்ணல, அவ சொன்னது சரி.

டப்பாவ திறந்தா பிஸ்டல், மூணு மேகசின், கைப்பிடி பின்னாடி மாட்டற பேக்ஸ்ட்ராப்புங்க, மேகசின் ரொப்பற ஒரு ப்ளாஸ்டிக் லோடர், துடைக்கற கம்பி ப்ரஷ். ஸ்லைட (பிஸ்டலுக்கு மேல முன்னும் பின்னும் ஓடற பாகம்) கழட்டிப் பாத்தா உள்ள செம்பு கலர்ல ஒரு க்ரீஸ் அப்பியிருக்கும், அழுக்குன்னு நெனச்சு துடைக்கப் போயிட்டேன், மேனுவல்ல அத துடைக்காதீங்கன்னே எழுதியிருக்கு, முதல்ல அதுவே ஓடி ஓடி தானா வழுவழுப்பாக்கிக்கும். கழட்டறது சுலபம்: மேகசின எடு, ஸ்லைட இழுத்து சேம்பர் (சுடப்போற ரவுண்டு உக்காரற இடம்) காலியான்னு கண்ணாலயும் சுண்டுவெரல விட்டும் பாரு, பத்திரமான பக்கம் திருப்பி ட்ரிக்கர இழு, ஸ்லைட ஒரு மூணு மில்லிமீட்டர் பின்னாடி தள்ளி ரெண்டு பக்கமும் இருக்கற குட்டி லாக்க கீழ இழு, முன்னாடி உருவு. இதுல "ட்ரிக்கர இழு"ங்கற படி இருக்கு பாருங்க, அதுக்கு முன்னாடி சேம்பர மூணு தடவை பாக்கறது என் பழக்கம் ஆயிடுச்சு, ரெண்டு தடவை பாத்துட்டு திருப்தியா இருக்கவங்க இருக்கலாம், நான் இல்ல.

மொத தடவை ரேஞ்சுக்கு போறதுக்கு முன்னாடியே ஒரு சொதப்பல். ஆன்லைன்ல 50 ரவுண்டு டப்பா 12 டாலர்னு நாலு டப்பா வாங்கிட்டேன். இங்க உள்ளரங்க ரேஞ்சுல வாசல்லயே ஒரு காந்தத்த வச்சு குண்டோட நுனில தொட்டுப் பாப்பாங்க, ஒட்டினா உள்ள விடமாட்டாங்க, குண்டோட மேலுறைல (ஜாக்கெட்) ஸ்டீல் கலந்திருந்தா பின்சுவரு தகட்டுக்கு கேடு, பொறி வேற பறக்கும். என்னோடது டக்குன்னு ஒட்டிக்கிச்சு. வித்த ரவுண்ட கடைல திருப்பி எடுக்கவும் மாட்டாங்க. மதுரைக்காரருக்கு ஒரு ஃப்ரெண்டோட பண்ணைல வெட்டவெளில சுட இடம் இருக்கு, அவரு 40 டாலருக்கு எடுத்துக்கிட்டாரு, எட்டு டாலர் நட்டம். அப்புறம் எல்லாமே 115 க்ரெயின் (குண்டோட எடை), பித்தளை கேஸு (ரவுண்டோட கூடு), டப்பா 15 டாலர்.

முதல் நாள் 100 ரவுண்டு. ரேஞ்சுல விக்கற டார்கெட் ரெண்டு டாலர் அதனால பையன் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின ஒம்பது இன்ச் பேப்பர் தட்டுல நடுவுல ஒரு இன்ச் ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துட்டுப் போனேன், யாரும் ஒண்ணும் சொல்லல. காதுக்கு உள்ள நுரை ப்ளக், மேல எலக்ட்ரானிக் மஃப், ரெண்டும் போட்டாத்தான் உள்ளரங்கத்துல தாங்கும், பக்கத்து லேன்ல ஒருத்தன் ரைஃபிள் எடுத்துட்டான்னா நெஞ்செலும்புல வந்து இடிக்கும். தட்ட மோட்டார்ல 7 யார்டுக்கு அனுப்பி, மூச்ச விட்டு, மெதுவா இழுத்து, டம். தட்ட திருப்பி வர வச்சுப் பாத்தா ஓட்டை எல்லாம் இடது பக்கம் கீழ. ஸ்டிக்கர்ல ஒண்ணு கூட இல்ல. அளந்தா ஓட்டைக் கூட்டத்தோட நடு மூணு இன்ச் இடது, ரெண்டு இன்ச் கீழ, விரிஞ்சிருந்தது ஆறு இன்ச்.

அன்னைக்கு இன்னொன்னும் நடந்துச்சு. கழுத்து திறந்த டிஷர்ட் போட்டுட்டு போயிருந்தேன். கிளாக்கு கேஸ வலது பக்கம் எறியும், லேன் தடுப்புல பட்டு திரும்பி நேரா என் கழுத்துக்குள்ள போயிடுச்சு. சுட்ட கேஸு கொதிக்கும், தோசைக்கல்லு மாதிரி. நான் துள்ளி திரும்பப் பாத்தேன், கையில லோடு பண்ணின பிஸ்டல். ரேஞ்ச் ஆபீசரு பின்னாடி இருந்து கத்தின கத்துல அப்படியே கல்லா நின்னுட்டேன், குழாய் முன்னாடியே இருந்துச்சு, விரல் ட்ரிக்கர விட்டு வெளிய இருந்துச்சு, அது மட்டும் நல்ல வேளை. நெஞ்சுல ஒரு இன்ச் நீளத்துக்கு கொப்பளம், ஒரு வாரம் இருந்துச்சு. அதுலருந்து காலர் பட்டன் வரைக்கும் போட்ட சட்டை, தலைல தொப்பி. வேட்டி கட்டிட்டு வேணா போவேன், வி-நெக் போட்டுட்டு போகமாட்டேன்.

ரெண்டாவது வாரம் 50 ரவுண்டு, அதே இடது கீழ. கூடவே புதுசா ஒண்ணு: கடைசி ரவுண்டு போனதும் ஸ்லைடு பின்னாடி போய் நிக்கணும், நிக்கல. காலி சேம்பர்ல மூடிக்கிது, நான் ட்ரிக்கர இழுத்தா க்ளிக். மேகசின்லதான் கோளாறுன்னு மூணுக்கும் அடில வெள்ளை பெயிண்ட் பேனால 1, 2, 3ன்னு நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு ரவுண்டு போட்டு மாத்தி மாத்தி சுட்டுப் பாத்தேன். மூணுலயும் நிக்கல. மூணு மேகசினும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா? அப்ப ஸ்ப்ரிங்கு, அப்ப லிவருன்னு மனசு ஓடுது. மூணாவது தடவை போனப்ப ரேஞ்ச் ஆபீசர்கிட்ட குடுத்தேன், வெள்ளத்தாடி வச்ச பெரியவர், வாய் அதிகம் பேசமாட்டார், மூணு மேகசினையும் ரெண்டு ரெண்டு ரவுண்டா சுட்டாரு, மூணு தடவையும் ஸ்லைடு ஜம்முனு நின்னுச்சு. அப்புறம் என்னை பிடிக்கச் சொல்லி என் வலது கட்டைவிரல ஒரு தட்டு தட்டினாரு. ஸ்லைட நிறுத்தற லிவர் மேலயே என் கட்டைவிரல் உக்காந்திருக்கு! மேல வர வேண்டிய லிவர நானே அமுக்கிட்டு இருக்கேன். கட்டைவிரல இடது கை மேட்டு மேல ஏத்தி வச்சேன், அதோட அந்த பிரச்சனை காலி. ரெண்டு ராத்திரி மேகசின் ஸ்ப்ரிங்க பத்தி படிச்சது வேஸ்ட்டு.

இதுலயே புத்தி வந்திருக்கணும். வரல.

இடது கீழ போறத மதுரைக்காரர்கிட்ட சொன்னேன், தட்டு போட்டோவும் அனுப்பினேன். "எல்லா குண்டும் ஒரே பக்கம்னா சைட்டு தள்ளியிருக்கும் தம்பி, ஃபேக்டரில சரியா அடிச்சிருக்க மாட்டான், தள்ளிடுங்க"ன்னாரு. எனக்கும் அது நியாயமா பட்டுச்சு, சொல்லப்போனா அந்தப் பதிலத்தான் நான் எதிர்பாத்துட்டு இருந்தேன். கிளாக்கோட ரியர் சைட்டு ப்ளாஸ்டிக், ஸ்லைடுல வெட்டின ஒரு பள்ளத்துல பக்கவாட்டுல சொருகியிருக்கும். சுத்தியால தட்டறவங்க உண்டு, நான் அதுக்குன்னே ஸ்க்ரூ வச்ச சைட் புஷர் 65 டாலருக்கு வாங்கினேன்.

கணக்கு போடறதுல மட்டும் நம்மள அடிச்சுக்க முடியாது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் தூரம் 6.02 இன்ச். 7 யார்டுன்னா 252 இன்ச். குண்டு மூணு இன்ச் நகரணும்னா சைட்டு நகர வேண்டியது மூண 6.02ஆல பெருக்கி 252ஆல வகுத்தா 0.072 இன்ச், அதாவது 1.8 மில்லிமீட்டர். குண்டு எந்தப் பக்கம் போகணுமோ ரியர் சைட்ட அந்தப் பக்கமே தள்ளணும், அதனால வலது. பாலிடெக்னிக் படிச்ச காலத்துல இருந்து கூடவே வெச்சிருக்கற வெர்னியர எடுத்து ஸ்லைடு ஓரத்துல இருந்து சைட்டு ஓரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தேன். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம், வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர் கூட வராது. இந்த இடத்துல, இந்த அளவ கையில வெச்சுக்கிட்டே, நடுவுல கரெக்ட்டா உக்காந்திருக்கற சைட்ட நான் ஏன் தள்ளறேன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா மீதி கதையே இல்ல. கேக்கல. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வச்சு காலைல கராஜ்ல ஸ்லைட அதுல மாட்டி ஸ்க்ரூவ திருகினேன், நகரல, நகரல, திடீர்னு டக்குன்னு நகர்ந்துச்சு, ஒரேடியா 2.3 போயிடுச்சு, திருப்பி கொண்டாந்து 1.8ல நிறுத்தினேன். ப்ளாஸ்டிக்ல ஒரு கீறல் விழுந்துச்சு, வெள்ளைக்கோட்டு ஓரம் லேசா பிஞ்சுச்சு. தூக்கிப் பாத்தா சைட்டு ஒரு ஓரமா நிக்கறது வெறுங்கண்ணுக்கே தெரியுது, மாப்பிள்ளை ஊர்வலத்துல கோவிச்சுக்கிட்டு ஒதுங்கி நிக்கற தாய்மாமன் மாதிரி.

நாலாவது தடவை, 100 ரவுண்டு. முதல் அஞ்சு போட்டேன், மூணு நடுவுல! ஆஹான்னு ஆயிடுச்சு. அடுத்த அஞ்சுல ரெண்டு வலது பக்கம் தட்டு ஓரத்துல. அடுத்த அஞ்சு பாதி நடு பாதி வலது. முன்னாடி ஆறு இன்ச் விரிஞ்சிருந்தது இப்ப எட்டு இன்ச் ஆயிடுச்சு, நிதானமா நல்லா இழுத்த ரவுண்டெல்லாம் வலது பக்கம் ஓடுது, வெடுக்குன்னு இழுத்தது நடுவுல விழுது. தப்பா சுட்டாத்தான் சரியா போகும்ங்கற நிலைமைக்கு துப்பாக்கிய கொண்டாந்து விட்டிருக்கேன்.

வெள்ளத்தாடிக்காரர் பாத்துட்டு ஒரு மணல் மூட்டைய கொண்டாந்து பெஞ்சு மேல வச்சாரு, ஒரு புது தட்ட 10 யார்டுக்கு அனுப்பினாரு, கைய மூட்டைல ஊனி அஞ்சு ரவுண்டு சுட்டாரு. ஒண்ணும் சொல்லல, தட்ட எடுத்து என் கையில குடுத்தாரு. அஞ்சு ஓட்டையும் ஒண்ணரை இன்ச்சுக்குள்ள, நடுவுல இருந்து நாலு இன்ச்சுக்கு மேல வலது பக்கம், ஒசரம் கரெக்ட்டு. நான் போட்ட கணக்குப்படியே 10 யார்டுக்கு 4.3 வரணும், வந்திருக்கு. என் கணக்கு சரி, வெர்னியர் சரி, புஷர் சரி, ஃபேக்டரிக்காரனும் சரி. மிச்சம் யாருன்னு சொல்ல வேண்டியதில்ல.

வீட்டுக்கு வந்து சைட்ட திருப்பி நடுவுக்கு தள்ளினேன், ரெண்டு பக்கமும் 0.05 வித்தியாசத்துல நிறுத்த ஒரு மணி நேரம். கீறல் அப்படியே இருக்கு.

அஞ்சாவது தடவை ஸ்னாப் கேப்போட போனேன், டம்மி ரவுண்டு, அஞ்சு கொண்ட பாக்கெட் 18 டாலர். மதுரைக்காரர கூட்டிட்டுப் போயி எனக்கு தெரியாம மேகசின்ல நிஜமும் டம்மியும் கலந்து போடச் சொன்னேன், செல்போன லேன் பெஞ்சுல சாய்ச்சு வச்சு வீடியோ. ரெண்டு நிஜம் வெடிச்சுது, மூணாவது டம்மி, க்ளிக். வெடிக்கவே இல்ல ஆனா துப்பாக்கி மூக்கு இடது பக்கம் கீழ ஒரு முங்கு முங்கிச்சு பாருங்க, நாத்து நடறவங்க குனியற மாதிரி. வீடியோவ ஸ்லோல போட்டா இன்னும் அசிங்கம்: உதை வரப்போகுதுன்னு கை முன்கூட்டியே அதை அமுக்குது, விரல் ட்ரிக்கர இழுக்கறப்பவே மத்த மூணு விரலும் சேந்து பால் கறக்கறாப்ல இறுக்குது, கண்ணு வேற மூடிக்கிது. அன்னைக்கு 50 நிஜ ரவுண்டுக்கு நடுவுல இருபது முப்பது தடவை டம்மி மாட்டிச்சு, ஒவ்வொண்ணுக்கும் முங்கல். மதுரைக்காரர் பின்னாடி நின்னு சிரிச்சாரு, எனக்கும் சிரிப்புதான்.

அதுக்கப்புறம் மூணு வாரம் ராத்திரி பசங்க தூங்கினதும் பத்து நிமிஷம் ட்ரை ஃபயர், அதாவது ரவுண்டே இல்லாம ட்ரிக்கர இழுத்துப் பழகறது. ரவுண்டு ஒண்ணு கூட அந்த ரூம்ல இல்லன்னு உறுதி பண்ணிட்டு, சேம்பர மூணு தடவை பாத்துட்டு, ஃபயர்ப்ளேஸ் செங்கல் சுவத்த பாத்து. முன் சைட்டுக்கு பின்னாடி ஸ்லைடு மேல ஒரு காசு, விழாம ட்ரிக்கர இழுக்கணும். இங்கத்த ஒரு சென்ட் ரொம்ப லேசு, சட்டுனு விழுந்துடும், ஊர்லருந்து கொண்டாந்த பழைய பெரிய அஞ்சு ரூபா காசு நல்லா உக்காந்துச்சு. கிளாக்குல ஒவ்வொரு தடவையும் ஸ்லைட லேசா இழுத்துவிட்டாத்தான் ட்ரிக்கர் மறுபடி ரெடியாகும், காச எடு, இழு, காச வையி, இது கொஞ்சம் கடுப்பு. முதல் நாள் இருபதுல நாலு தடவைதான் காசு நின்னுச்சு. ரெண்டாவது வாரக் கடைசில இருபதுல பதினேழு.

நடுவுல ஒரு சின்ன மாத்தம் பண்ணினேன், அதுதான் பெருசா உதவுச்சுன்னு இப்ப தோணுது. வாங்கின அன்னைக்கே பெருசா இருந்தா பிடிமானம் நல்லா இருக்கும்னு நெனச்சு பெரிய பேக்ஸ்ட்ராப்ப மாட்டியிருந்தேன். என் கை சின்னது, அத மாட்டினா ட்ரிக்கருக்கு விரல் நுனி மட்டும்தான் எட்டும், அந்த நுனி ட்ரிக்கர நேரா பின்னாடி இழுக்காம பக்கவாட்டுல தள்ளுது. கூட வந்த குட்டி கருவிய வச்சு பின்ன தட்டி எடுத்து ஸ்ட்ராப்பே இல்லாம பிடிச்சேன், விரலோட நடு சதை ட்ரிக்கர்ல உக்காந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை, காசு செலவில்ல, முதல் நாளே பண்ணியிருக்கலாம். அப்புறம் இடது கையால இறுக்கமா பிடி, வலது கைய கொஞ்சம் தளர்த்துன்னு பெரியவர் சொன்னாரு, வலது கை தளந்தா விரல் தனியா வேலை செய்யுது.

ஆறாவது தடவை 50 ரவுண்டு, இன்னும் இடதுதான் ஆனா ஒண்ணரை இன்ச்சு, கீழ போறது நின்னுடுச்சு. ஏழாவது 50, ஒரு இன்ச்சுக்குள்ள. எட்டாவது, போன சனிக்கிழமை, 100. மேல சொன்ன ரெண்டேகால் இன்ச் அதுலதான். துள்ளிக்கிட்டு 15 யார்டுக்கு அனுப்பினேன், அங்க அஞ்சு இன்ச் விரிஞ்சுது, நடு ஒரு இன்ச் இடது, அதாவது பழைய வியாதி முழுசா போகல, தூரம் கூட்டினா எட்டிப் பாக்குது. கடைசி இருபது ரவுண்டுல கை அசந்து போயி மறுபடி முங்க ஆரம்பிச்சேன், 80க்கு மேல சுடறதுல எனக்கு பிரயோஜனம் இல்ல போல.

வீட்டுக்கு வந்ததும் செய்யறது ஒண்ணு இருக்கு, இத நெறைய பேரு விட்டுடறாங்க. ரவுண்டோட ப்ரைமர்லயும் (அடில இருக்கற பத்த வைக்கற மருந்து) குண்டுலயும் ஈயம் இருக்கு, கை, சட்டை, ஷூ எல்லாத்துலயும் ஒட்டியிருக்கும். ரேஞ்சுலயே பச்சத்தண்ணி சோப்பு போட்டு கை முகம் கழுவறேன், ஷூ கராஜ்லயே நிக்கும், சட்டை தனியா துவைக்கணும், குளிச்சிட்டுத்தான் பசங்கள தொடணும். ரேஞ்சு முடிச்சு நேரா இட்லி கடைக்கு போற பழக்கம் மதுரைக்காரருக்கு, கைய கழுவுங்கண்ணேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்பறேன்.

செலவு: பிஸ்டல் 583, மஃப்பும் கண்ணாடியும் 67, சேஃப் 140, ரவுண்டு 12 டப்பா 180, காந்தம் ஒட்டின ரவுண்டுல நட்டம் 8, ரேஞ்சு எட்டு தடவை 22 வீதம் 176, ஸ்னாப் கேப் 18, சைட் புஷர் 65. மொத்தம் 1237 டாலர், நம்ம காசுல ஒரு லட்சத்த தாண்டும், இத அப்பாகிட்ட சொல்லல. இதுல புஷரும் அந்த எட்டு டாலரும் சுத்தமா தண்டம், சைட்டுக்காக சுட்ட 100 ரவுண்டும் ஒருவிதத்துல தண்டம்தான்.

அடுத்த தடவை ஒரு துப்பாக்கி வாங்கினா முதல் நாளே மணல் மூட்டைல வச்சு, எனக்கு பதிலா சுடத் தெரிஞ்ச ஒருத்தர அஞ்சு ரவுண்டு சுடச் சொல்லிடுவேன், அந்தத் தட்ட தேதி போட்டு வச்சுக்குவேன். டம்மி ரவுண்ட முதல் டப்பாவோடயே வாங்கிடுவேன். .22 பிஸ்டல் ஒண்ணுல ஆரம்பிச்சிருந்தா உதைக்கு பயப்படற பழக்கமே வந்திருக்காதுன்னு பெரியவர் சொல்றாரு, ரவுண்டும் ரொம்ப மலிவு, வீட்டுல அதுக்கு அப்ரூவல் வாங்கறதுதான் கஷ்டம், சேஃப்ல இன்னொன்னுக்கு இடம் இருக்குன்னு ஜாடையா சொல்லிப் பாத்தேன், அவ காதுல வாங்கல.

நேத்து மதுரைக்காரர் போன் பண்ணினாரு. அவரும் போன மாசம் ஒரு சின்ன பிஸ்டல் வாங்கியிருக்காரு, எனக்கு வேணாம்னு சொன்ன அதே பாக்கெட் சைஸு. எல்லாம் இடது பக்கம் கீழ போகுதாம், புஷர 25 டாலருக்கு குடுங்க தம்பின்னாரு. அண்ணே, மொதல்ல மூட்டைல வச்சு யாரையாவது சுடச் சொல்லுங்கன்னேன். "என் கை நல்லாத்தான் இருக்கு தம்பி, இது சைட்டுதான்"ன்னாரு. நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்னிருக்காரு.